கருவூலத்தில் எழுந்த தளபதி, உண்டியலில் நின்ற செனட்டர்

சிலை வைப்பதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. அம்பேத்கர் சிலைக்கு முன் நின்று உறுதிமொழி எடுத்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்தச் சிலைகளைக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் ஊர்களும் நம்முடையவைதான். ஆகவே "சிலையால் என்ன பயன், அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன். யாருடைய சிலையைப் பற்றிப் பேசும்போது உங்களுக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது?

அதே கேள்வியை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரே கல்லூரி வளாகத்தில் இரண்டு சிலைகள் நிற்கின்றன. இரண்டுக்கும் நிதி திரட்டல் நடந்தது. ஒன்றுக்கு அரசுக் கருவூலம் திறந்தது. மற்றொன்றுக்கு மாணவர்கள் கால்நூற்றாண்டாக உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. சாதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையில் அந்நியமாக எதுவும் இருக்காது.

படைப்பள்ளியாக இருந்த கல்லூரி

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இன்று உலகறிந்த நிறுவனம். 1876இல் அது திறக்கப்பட்டபோது வெள்ளை ஆண்களுக்கான படைக்கல்லூரி. வேளாண்மையும் பொறியியலும் கற்றுத் தந்தார்கள். கூடவே சீருடை, அணிவகுப்பு, படைப்பயிற்சி. 1965 வரை படைப்பிரிவில் சேர்வது கட்டாயமாக இருந்தது. 1963 வரை கறுப்பின மாணவர் ஒருவருக்கும் அங்கே இடமில்லை. பெண்களுக்குக் கதவு ஓரளவு திறந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்தக் கல்லூரி எந்தப் பணத்தில் வந்தது? 1862இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை விற்றுக் கல்லூரி கட்டிக்கொள்ளலாம். பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்த நிலம் அது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்த பிறகு, 1871 ஏப்ரலில் டெக்சாஸ் சட்டமன்றம் அந்தச் சட்டத்தின் பயனைப் பெற்றுக் கல்லூரி தொடங்க மசோதா நிறைவேற்றியது. அந்தச் சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். மேலவையில் இருவர். ஒருவர் ஜார்ஜ் ரூபி. மற்றவர் மாத்யூ கெய்ன்ஸ்.

கெய்ன்ஸ் 1840இல் லூசியானாவில் அடிமையாகப் பிறந்தவர். இரண்டு முறை தப்பி ஓடி, இரண்டு முறையும் பிடிபட்டவர். விடுதலைக்குப் பிறகு வாஷிங்டன் கவுண்டியில் பாப்டிஸ்ட் போதகரானார். 1869 தேர்தலில் செனட்டரானார். இலவசப் பொதுக்கல்விக்காகப் பேசினார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காரலாம் என்று 1870களின் டெக்சாஸில் நின்று வாதிட்டார். எழுதப்படிக்கத் தெரிந்தாலே அடிமைக்குத் தண்டனை என்றிருந்த உலகிலிருந்து வந்த மனிதர், தன்னை ஒடுக்கியவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடம் கேட்டார்.

அவரை என்ன செய்தார்கள்? 1873இல் இருதார மணக் குற்றச்சாட்டில் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதற்குள் அதிகாரம் வெள்ளை ஆதிக்கவாதிகளின் கைக்குத் திரும்பியிருந்தது. தேர்தலில் அவரிடம் தோற்றவரை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1900இல் கிடிங்ஸ் என்னும் சிற்றூரில் அவர் இறந்தார். அவர் வாக்களித்து உருவாக்கிய கல்லூரியில் அவருடைய பிள்ளை ஒருவர்கூட நுழைந்திருக்க முடியாது. பேரப்பிள்ளைக்கும் வழியில்லை.

தளபதிக்குக் கிடைத்த பத்தாயிரம்

இனி மற்றவரைப் பார்ப்போம். லாரன்ஸ் சல்லிவன் ராஸ். 1838இல் பிறந்தவர். 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில், பெண்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்த கமான்சி முகாமைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கி 'வீரர்' ஆனவர். அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையில் பிரிகேடியர் ஜெனரல். பிரிந்துபோவதற்கு டெக்சாஸ் 1861இல் எழுதிவைத்த காரணப் பத்திரம் ஒளிவுமறைவு இல்லாதது. வெள்ளையர் மேல், கறுப்பர் கீழ் என்ற ஏற்பாட்டைக் காக்கவே போகிறோம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடு "மாநில உரிமை", "பண்பாடு" என்று சப்பைக்கட்டு கட்டியவர்கள் அந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைத்தார்கள்.

போருக்குப் பின் ராஸ் ஷெரிஃப் ஆனார். 1875இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதிய அவையில் உறுப்பினரானார். 1887 முதல் 1891 வரை ஆளுநர். அதன் பின் இந்தக் கல்லூரியின் தலைவர். 1898 ஜனவரியில் பதவியிலிருக்கும்போதே இறந்தார். அவர் இறந்த சில வாரங்களிலேயே முன்னாள் மாணவர்கள் நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்டத் தொடங்கினார்கள். 1917இல் மாநில அரசு 10,000 டாலர் ஒதுக்கியது. பொம்பேயோ கொப்பினி என்ற சிற்பி வார்த்த வெண்கலச் சிலை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வளாகத்தின் நடுவே எழுந்தது. படைவீரர், அரசியலாளர், வீரத்திருமகன் என்னும் பொருள்பட அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள்.

அந்தப் பத்தாயிரம் டாலர் யாருடைய பணம்? டெக்சாஸ் மக்களின் வரிப்பணம். அதில் கறுப்பின உழவர் கட்டிய வரியும் உண்டு. தன் பிள்ளையை உள்ளே விடாத கல்லூரியில், தன்னை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்ட தளபதிக்குச் சிலை வைக்க அவரும் காசு கொடுத்திருக்கிறார். சேரியிலும் வரி வாங்கிவிட்டு, தேரை மட்டும் சேரிக்குள் வராமல் திருப்பிவிடும் ஊர்த் திருவிழாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்றும் மாணவர்கள் தேர்வுக்கு முன் அந்தச் சிலையின் காலடியில் ஒரு பென்னி நாணயம் வைக்கிறார்கள். அதிர்ஷ்டம் வருமாம். படைப்பிரிவின் மதிப்புக்குரிய அணிக்குப் பெயரே 'ராஸ் தொண்டர்கள்'. மாநில ஆளுநருக்கு மரியாதை அணிவகுப்புத் தருவது அவர்கள் பொறுப்பு. சிலை வெறும் உலோகம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூறாண்டுகளாகக் காணிக்கையும் சடங்கும் நடக்கும் இடத்துக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

கால்நூற்றாண்டு உண்டியல்

மாத்யூ கெய்ன்ஸுக்கு ஒரு சிலை வேண்டும் என்ற கோரிக்கை 1990களிலேயே மாணவர்களிடமிருந்து எழுந்தது. கைகூடவில்லை. பிறகு வந்த தலைமுறை மீண்டும் எடுத்தது. மாணவர்கள் குழு அமைத்தார்கள். பேராசிரியர்கள் வரலாற்றைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்டார்கள். நிர்வாகம் "பார்க்கலாம்" என்றது. பணம் மெதுவாகச் சொட்டியது.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலரின் முழங்காலின் கீழ் கொல்லப்பட்டார். நாடு தெருவுக்கு வந்தது. அந்தக் கோடையில் கெய்ன்ஸ் சிலைக்கான நிதி இலக்கான 3.5 லட்சம் டாலரை எட்டியது. நிர்வாகத் தலைமையும் தன் பங்கைத் தந்தது. கால்நூற்றாண்டு அசையாத உண்டியல் நிரம்புவதற்கு ஒரு கறுப்பின மனிதன் கேமராவுக்கு முன் மூச்சுத் திணறிச் சாக வேண்டியிருந்தது. 2021 நவம்பர் 19 அன்று சிலை திறக்கப்பட்டது.

அந்த மாணவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. நிறுவனம் மறந்துபோன ஒரு மனிதரை, நிறுவனத்தின் நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது வெற்றிதான். என் கோபம் அந்த வெற்றியைக் கொண்டு நிர்வாகம் நடத்திய வியாபாரத்தின் மீது.

அதே 2020 ஜூனில் ராஸ் சிலையை அகற்ற வேண்டும் என்று மாணவர்கள் கையெழுத்து வாங்கினார்கள். வைத்திருக்க வேண்டும் என்று எதிர்மனுவும் வந்தது. 2021இல் நிர்வாகக் குழு தீர்மானித்தது: ராஸ் இருந்த இடத்திலேயே இருப்பார், கெய்ன்ஸும் வருவார், பன்மைத்துவத்துக்குப் பணமும் ஒதுக்குவோம். எல்லோருக்கும் ஏதோ ஒன்று. சமநிலை!

இந்தச் 'சமநிலை' நமக்குப் பழகிய சரக்கு. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தவர்களும் "இருவருக்கும் தேநீர் தருகிறோமே" என்றுதான் சொன்னார்கள். அடிமைமுறைக்காகப் போரிட்டவரும், அடிமையாகப் பிறந்து பொதுக்கல்வி கேட்டவரும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்று சொல்வதற்குப் பெயர் நடுநிலை என்றால், அந்த நடுநிலையின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? பாதி அடிமைத்தனத்திலா?

"அந்தக் காலத்து மனிதர்"

ராஸ் ஆதரவாளர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள். சரி, இன்றைய அளவுகோல் வேண்டாம். ராஸ் பிறந்தது 1838. கெய்ன்ஸ் பிறந்தது 1840. ராஸ் இறந்தது 1898. கெய்ன்ஸ் இறந்தது 1900. இருவருக்கும் இரண்டே வயது வித்தியாசம். ஒரே மாநிலம், ஒரே அரசியல், ஒரே பைபிள். 'அந்தக் காலத்தில்' சமத்துவம் என்ற எண்ணமே யாருக்கும் தோன்றவில்லை என்றால், கெய்ன்ஸ் எந்தக் காலத்தில் வாழ்ந்தார்? "அந்தக் காலம்" என்று அவர்கள் சொல்லும்போது கணக்கில் வருவது வெள்ளையரின் காலம் மட்டும். கறுப்பின மக்கள் அந்தக் காலத்தில் மனிதர்களாகவே எண்ணப்படவில்லை, இப்போதும் அந்த வாக்கியத்துக்குள் எண்ணப்படவில்லை. நம்மூரில் மனுவுக்கும் இதே சலுகைதான் தருகிறார்கள். மனு காலத்தில் புத்தனின் வழி வந்தவர்கள் இருந்ததையும், சாதியை மறுத்த குரல்கள் இருந்ததையும் மறந்துவிடச் சொல்கிறார்கள். ஜெய்ப்பூரில் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே மனு சிலையாக நிற்கிறார்.

இரண்டாவது வாதம்: ராஸ் இல்லையென்றால் கல்லூரியே மூடப்பட்டிருக்கும். அவர் கல்லூரியை வளர்த்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வளர்த்தது யாருக்காக? அவர் தலைவராக இருந்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவர்கூடப் படிக்கவில்லை. பூட்டிய வீட்டுக்கு நன்றாக வெள்ளையடித்தார் என்பதற்காக, பூட்டுக்கு வெளியே நின்றவர்கள் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

மூன்றாவது வாதம்: ஆளுநராக இருந்தபோது கறுப்பின மக்களுக்கும் நல்லது செய்தார், கலவரத்தை அடக்கினார். 1889இல் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கறுப்பின மக்கள் பெரும்பான்மை. அவர்களுடைய வாக்குகளால் வந்தவர்கள் உள்ளூர் ஆட்சியில் இருந்தார்கள். அதைக் கவிழ்க்க வெள்ளையர் அணி துப்பாக்கி தூக்கியது. ஆளுநர் ராஸ் படை அனுப்பினார். தானே நேரில் போய்ச் சமரசம் பேசினார். சமரசத்தின் முடிவு என்ன? பழைய உள்ளாட்சி காலியானது. ஆட்சி வெள்ளையர் அணியிடம் போனது. அவர்கள் தொடங்கிய 'ஜேபேர்ட்' சங்கம் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் தனித் தேர்தல் ஒன்றை நடத்தி, யார் பதவிக்கு வருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தது. அது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1953இல். அறுபது ஆண்டுகளுக்கும் மேல்!

அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடப்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே மேசையில் உட்கார வைக்கப்படுவார்கள். அமைதி திரும்பிவிட்டதாகச் செய்தி வரும். பாதை மட்டும் பூட்டியே இருக்கும்.

முன்னாள் மாணவர் என்பவர் யார்?

நான் முக்கியமாகப் பேச விரும்புவது இதைத்தான். சிலை விவகாரங்களில் நிர்வாகங்கள் எப்போதும் ஒரு பெயரைச் சொல்லும்: முன்னாள் மாணவர்கள். "அவர்கள் மனம் புண்படும்." "அவர்கள் நன்கொடையை நிறுத்திவிடுவார்கள்." "இது அவர்களுடைய மரபு."

முன்னாள் மாணவர் சங்கம் என்பது என்ன? ஒரு நிறுவனம் கடந்த காலத்தில் யாரையெல்லாம் உள்ளே விட்டதோ அவர்களின் பட்டியல். யாரையெல்லாம் வெளியே நிறுத்தியதோ அவர்களின் பெயர் அதில் இருக்காது. 1876 முதல் 1963 வரை 87 ஆண்டுகள் ஒரு கல்லூரி வெள்ளை ஆண்களை மட்டும் படிக்க வைத்தால், அதன் செல்வந்த முன்னாள் மாணவர்கள் யாராக இருப்பார்கள்? அவர்களிடம் பணம் இருப்பது ஏன்? அந்தப் பட்டமும், அந்தத் தொடர்புகளும், மற்றவர்களைப் போட்டிக்கே வரவிடாத அந்த 87 ஆண்டுகளும்தான் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தன. இப்போது அந்தப் பணத்தைக் காட்டி, வளாகத்தில் யார் நிற்கலாம் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். முடிந்துபோன தீண்டாமை, நன்கொடை ரசீதின் வழியாக இன்றும் வாக்களிக்கிறது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? மாநிலத்தின் அரசியல் சட்டமே கறுப்பின இளைஞர்களுக்குத் தனிக் கல்லூரி என்றது. பழைய அடிமைப் பண்ணை ஒன்றின் நிலத்தில் அதைத் தொடங்கினார்கள். 1878இல் எட்டு மாணவர்களோடு திறந்தது. இன்றைய பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அதுதான். 1890இல் வந்த இரண்டாவது மோரில் சட்டம் மாநிலங்களிடம் சொன்னது: நிறம் பார்க்காமல் சேருங்கள், இல்லையென்றால் கறுப்பினத்தவருக்குத் தனியாக ஒன்று நடத்தி நிதியை நியாயமாகப் பங்கிடுங்கள். டெக்சாஸ் தனிக் குவளையைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குவளையையும் நிரப்பவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண்மை அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரையிலான கணக்கை மட்டும் பார்த்தாலே, பிரெய்ரி வியூவுக்குச் சேர வேண்டியதில் 100 கோடி டாலருக்கும் மேல் குறைந்திருக்கிறது என்றார்கள்.

100 கோடி டாலர் கடன். அதற்கு எதிரே 3.5 லட்சம் டாலரில் ஒரு சிலை. அந்த 3.5 லட்சமும் நிறுவனம் முன்வந்து தந்ததல்ல. கேட்டுக் கேட்டு, வீடுவீடாக, அஞ்சல் அஞ்சலாகத் திரட்டியது. ராஸுக்குச் சிலை வைக்கக் கருவூலத்துக்குத் தெரிந்த வழி, கெய்ன்ஸ் பக்கம் வரும்போது ஏன் மறந்துபோனது என்று யாரும் கேட்கவில்லை.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "காசு கொடுப்பது அவரவர் விருப்பம். படித்த பள்ளிக்குக் கொடுப்பதில் என்ன தவறு?" தவறே இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் படித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கழிப்பறை கட்டிக் கொடுக்கிறார்கள், வகுப்பறைக்கு விசிறி வாங்கித் தருகிறார்கள். கும்பிடலாம். கொடுத்துவிட்டு, "இந்தத் தெருப் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைக்காதே" என்று சொன்னால்? அங்கே நன்கொடை முடிந்து விலை தொடங்குகிறது.

சிலை திறந்த பிறகு நடந்தது

கெய்ன்ஸ் சிலை திறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2023 ஜூனில் அதே பல்கலைக்கழகம் இதழியல் துறையை மீண்டும் தொடங்க, கேத்லீன் மெக்எல்ராய் என்ற பேராசிரியரை விழா எடுத்து வரவேற்றது. கறுப்பினப் பெண். நியூயார்க் டைம்ஸில் நீண்ட காலம் பணியாற்றியவர். அதே வளாகத்தில் 1981இல் பட்டம் பெற்றவர். முன்னாள் மாணவர்! இன்னொரு முன்னாள் மாணவர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. பன்மைத்துவம் பற்றி அவர் எழுதியதும் பேசியதும் சிலருக்கு உறுத்தியது. நிரந்தரப் பணி என்று சொன்னது ஐந்தாண்டுப் பணியாகச் சுருங்கியது. அது பிறகு எப்போது வேண்டுமானாலும் நீக்கக்கூடிய ஓராண்டுப் பணியாகச் சுருங்கியது. அவர் வரவில்லை. விவகாரம் வெடித்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். மெக்எல்ராய்க்கு 10 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

எதிர்ப்புத் தெரிவித்த அமைப்பின் பெயர் ரடர் சங்கம். ஜேம்ஸ் ஏர்ல் ரடர் யார் தெரியுமா? 1963இல் பழைய மாணவர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி இந்தக் கல்லூரியின் கதவைப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் திறந்த தலைவர். கதவைத் திறந்தவரின் பெயரை எழுதி வைத்துக்கொண்டே கதவைச் சாத்துகிறார்கள். பெரியார் பெயரில் பேருந்து நிலையமும் பின்னால் சாதிச் சங்க மாநாட்டு வளைவும் பார்த்த நமக்கு இதில் அதிர்ச்சி வராது.

இதோடு நிற்கவில்லை. அதே 2023இல் டெக்சாஸ் சட்டமன்றம் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறை. 2021இல் 'சமநிலை' என்று சொல்லிக் கொடுத்தவற்றில் சிலைகள் இரண்டும் நிற்கின்றன. அலுவலகங்கள் பூட்டப்பட்டன. கெய்ன்ஸ் வெண்கலத்தில் இருக்கலாம், கெய்ன்ஸ் பேசியதைப் பேசுகிறவர் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. இறந்த போராளியை ஏற்றுக்கொள்வது ஆதிக்கத்துக்கு எப்போதுமே எளிது. அம்பேத்கர் படத்துக்கு ஏப்ரல் 14 அன்று மாலை போடும் கைகள், மறுநாள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தைத் தடை செய்யக் கையெழுத்துப் போடுவதில்லையா? சென்னை ஐஐடியில் 2015இல் அதுதானே நடந்தது?

நமக்கு இதில் என்ன வேலை?

ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பின அடிமைகளை விடுவித்ததற்காக. அதே ஆண்டில்தான் டெக்சாஸில் கெய்ன்ஸ் மீது வழக்கு. புலே வாழ்த்திய விடுதலையை அங்கே பிடுங்கத் தொடங்கியிருந்த நேரம். அந்தக் காணிக்கையின் தொடர்ச்சியாகவே நான் இதை எழுதுகிறேன். விடுதலையைப் பாராட்டிய இயக்கத்துக்கு, அது பறிக்கப்பட்ட கதையைச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

படைப்பள்ளி என்றதும் நமக்கு வேறொரு நினைவும் வர வேண்டும். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் மௌ நகரில் ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். ஊர்ப் பள்ளி வாசலில் நிறுத்திய சாதிக்கு ராணுவப் பள்ளி எழுத்தைத் தந்தது. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது மூடியது வேலைவாய்ப்பு மட்டுமல்ல, அந்தப் பள்ளிக் கதவும்தான். கோபால் பாபா வலங்கர் முதலானோர் மனு மேல் மனு எழுதினார்கள். கோரேகாவ் தூணை ஆங்கிலேயர் தங்கள் வெற்றிக்காக நட்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றபோதுதான் அதில் பொறித்த மகர் பெயர்கள் நமக்காகப் பேசத் தொடங்கின. தூணுக்கு முன் கூடிய மக்கள் அதற்கு வேறு வேலை கொடுத்தார்கள். 2018இல் அங்கே கூடியவர்கள் மீது கல்லெறிந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

கெய்ன்ஸ் சிலைக்கும் அந்த வேலையைக் கொடுக்க முடியும். பிரெய்ரி வியூவின் 100 கோடியை அந்தச் சிலையின் முன் நின்று கேட்க முடியும். மூடப்பட்ட அலுவலகங்களின் பெயர்ப் பலகையை அதன் காலடியில் வைக்க முடியும். அந்த மாணவர்கள் அதைச் செய்வார்கள் என்றே நினைக்கிறேன். உண்டியல் குலுக்கிச் சிலை வைத்தவர்களுக்கு அதற்குப் பிறகு குரல் எழுப்புவது கடினமல்ல.

நமக்கும் வேலை இருக்கிறது. நாளை உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி வரும். பொன்விழா, வைரவிழா, நிறுவனருக்குச் சிலை, தலைக்கு இவ்வளவு என்று. வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாகப் பணம் போட்டுவிட்டுப் படத்தை அனுப்பும் நண்பரும் இருப்பார். கொடுப்பதற்கு முன் கேளுங்கள். அந்த நிறுவனர் காலத்தில் விடுதியில் யாருக்குத் தனிப் பந்தி போட்டார்கள்? முதல் தலித் மாணவர் எந்த ஆண்டில் சேர்ந்தார், முதல் தலித் பேராசிரியர் எந்த ஆண்டில்? ஒதுக்கீட்டு இடங்கள் இன்று நிரம்பியிருக்கின்றனவா? உதவித்தொகை வராமல் இடையில் நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களும் முன்னாள் மாணவர்கள்தான், அவர்களுக்கு இந்தக் குழுவில் இடம் உண்டா?

கேட்டால் குழுவிலிருந்து நீக்குவார்கள். "அரசியல் பேசாதே, மலரும் நினைவுகளைப் பேசு" என்பார்கள். அந்த மலரும் நினைவுகளில் யாரெல்லாம் இல்லை என்று பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலை விழா மலரில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சிட மறுத்தால், உங்கள் பங்குப் பணத்தில் நீங்களே அச்சடித்துச் சிலை திறப்பு நாளன்று வாசலில் நின்று கொடுங்கள்.